போர் தண்ணீர்: கீசர் காயில் அடிக்கடி போகிறது

கேள்வி: அவிநாசி பக்கம். போர் தண்ணீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 700 மி.கி. கீசரில் தண்ணீரைச் சூடாக்கும் காயில் முழுக்க வெள்ளைப் படிவு, ஷவரும் அடைக்கிறது. டேங்கில் படிகாரம் போடலாமா?

பதில்: பயனில்லைங்க. படிகாரம் கலங்கலைத்தான் தெளியவைக்கும். கரைந்த கால்சியம், மெக்னீசியம் அப்படியே இருக்கும். குடிநீரில் கடினத்தன்மைக்கு இந்தியத் தரம் லிட்டருக்கு 200 மி.கி. வரை, வேறு நீரில்லாத இடத்தில் 600 வரை.

பதில்: படிவு மூடினால் சூடு தண்ணீருக்குப் போகாது, காயில் வெடிக்கும். மெயினை அணைத்து, நீரை வடித்து, காயிலைக் கழற்றி, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து ஊறவையுங்கள். மின்முனை நனையவே கூடாது. கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் வளையம்) புதிதாகப் போடுங்கள். தெர்மோஸ்டாட் 50 டிகிரி போதும். சூடு ஏற ஏறப் படிவும் கூடும்.

பதில்: வீடு முழுக்க வேண்டுமென்றால், கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் கருவிதான். உப்பு போட்டு ரீஜெனரேட் செய்யாவிட்டால் (புதுப்பிக்காவிட்டால்), அதில் கால்சியம், மெக்னீசியத்தைப் பிடிக்கும் ரெசின் வேலை செய்யாது. அப்போது வரும் உப்புக் கழிவுநீரைச் செடிக்கு விடாதீர்கள், மண் கெடும்.