‘பெரூஸ்’: ஊன்றிப் படிப்பதா, நுனிப்புல் மேய்வதா?

மேலூர்க்காரன்: ‘பெரூஸ்’ என்ற ஆங்கில வினைக்கு ‘கவனமாகப் படி’ என்றும் ‘மேலோட்டமாகப் பார்’ என்றும் அகராதியில் போட்டிருக்கிறது. இரண்டும் எதிரெதிர் ஆச்சே! தேர்வில் எதை எழுதுவது?

ஒத்தக்கடை குமாஸ்தா: ஊன்றிப் படிப்பதுதான், தம்பி. இங்கே உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் 2004 முதல் வரும் ஆணைகளைப் பாருங்கள். வழக்கறிஞர் வாதத்தைக் கேட்டோம், ‘பெரூஸ்டு த மெட்டீரியல்ஸ் ஆன் ரெக்கார்ட்’ (பதிவில் உள்ள ஆவணங்களைப் பெரூஸ் செய்தோம்) என்ற வரி அடிக்கடி வரும். வழக்குக் கட்டைச் சும்மா புரட்டினார்கள் என்று அதற்குப் பொருள் கொள்ள முடியுமா? ‘பெர்’ என்ற லத்தீன் முன்னொட்டுக்கு ‘முழுக்க’ என்று அர்த்தம். அதோடு ‘யூஸ்’ சேர்ந்தது. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தச் சொல்லுக்குப் ‘பயன்படுத்தித் தீர்’ என்பதே பொருள். படிப்பதற்கு வந்தது அடுத்த நூற்றாண்டில்.

சிம்மக்கல் டீச்சர்: பிறப்பை வைத்து இன்றைய பொருளைக் கட்டிப்போட முடியாது ஐயா. கற்பூரம் நாறுமோ என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கேட்டபோது அது நறுமணம். இன்று ‘நாறுது’ என்றால் மூக்கைப் பொத்துவோம். ஜான்சனின் 1755 அகராதியே ‘பெரூஸ்’ என்பதற்கு முதல் பொருளாக வெறும் ‘படி’ என்றுதான் தருகிறது. மெரியம்-வெப்ஸ்டர் இரண்டு பொருளையும் ஏற்கிறது.

ஒத்தக்கடை குமாஸ்தா: ஹாம்லெட் நாடகத்தைப் பாருங்கள் டீச்சர். ஹாம்லெட் கபடமில்லாதவன், வாள்களைப் ‘பெரூஸ்’ செய்ய மாட்டான் என்கிறான் மன்னன். முனை மழுக்காத வாள் ஒன்றைப் போட்டியில் நுழைப்பதுதான் சூழ்ச்சி. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து முனையைச் சோதித்தால்தானே அது வெளிப்படும்? அந்தச் சோதனைக்குப் பெயர்தான் ‘பெரூஸ்’.

சிம்மக்கல் டீச்சர்: அந்த இடத்துக்கு அது சரி, மறுக்கவில்லை. ஆனால் ஓட்டல் மெனுவைப் ‘பெரூஸ்’ செய்தாள் என்றால், சாவகாசமாகக் கண்ணை ஓட்டினாள் என்றுதான் இன்றைய வாசகர் எடுத்துக்கொள்வார். அதனால் தேர்வில் வாக்கியத்தைப் பார்த்துத்தான் விடை எழுத வேண்டும். தனிச்சொல்லாகக் கேட்டால் ‘கவனமாகப் படி’ என்பதே பாதுகாப்பு. நீங்களே எழுதும்போது குழப்பம் வரும் என்று தோன்றினால் ‘ஸ்டடி’ அல்லது ‘ஸ்கிம்’ போடுங்கள்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. ‘மேற்படிப்பைத் தொடர’ என்பதற்குப் ‘பர்சூ’ எழுத வேண்டிய இடத்தில் ‘பெரூஸ்’ எழுதிவிடுகிறார்கள். இரண்டிலும் கிட்டத்தட்ட அதே ஆங்கில எழுத்துகள்தான், வரிசையும் ஓர் எழுத்தும்தான் வேறு. பிழைதிருத்தியும் காட்டாது, இரண்டுமே சரியான சொற்கள். இன்னொன்று, ‘பெரூஸ்’ நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்கும். பின்னால் ‘த்ரூ’ ஒட்டக்கூடாது. உச்சரிப்பில் அழுத்தம் ‘ரூ’வில்.

மேலூர்க்காரன்: மனுவில் ‘ஃபார் யுவர் கைண்ட் பெரூசல்’ என்று முடிக்கிறார்களே?

ஒத்தக்கடை குமாஸ்தா: ‘தங்கள் மேலான பார்வைக்கு’ என்று தமிழில் எழுதுவதன் இணை அது. அதை மட்டும் எழுதினால் பார்க்கச் சொன்னதாகத்தான் ஆகும், ஆணை கேட்டதாக ஆகாது. முடிவு வேண்டுமென்றால் ‘பெரூசல் அண்ட் ஆர்டர்ஸ்’ என்று எழுதி, என்ன ஆணை வேண்டும் என்பதை அதற்கு மேல்வரியிலேயே சொல்லிவிடுங்கள்.