2083 வரை பூமிக்கு இரண்டு நிலாவா? எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. பூமிக்கு இரண்டாவது நிலா கிடைத்துவிட்டதாம், 2083 வரை நம்மோடு இருக்குமாம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் ஏன் ஒரு நாள்கூட அது கண்ணில் படவில்லை என்று கேட்கிறாள். தேடிப் பார்த்தேன், ஒரு இடத்தில் 2025 பிஎன்7 என்கிறார்கள், இன்னொரு இடத்தில் கமோஓவலேவா என்று வாயில் நுழையாத பெயர். இரண்டும் ஒன்றா? உண்மையிலேயே பூமியைச் சுற்றுகிறதா? எங்களிடம் 6 அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது, அதில் தெரியுமா?

பதில் 1

இரண்டும் வேறு வேறு. பிஎன்7 என்பது 2025 ஆகஸ்டில் கண்டுபிடித்த சின்னக் கல், நீங்கள் சொல்லும் 2083 கணக்கு அதற்குரியது. கமோஓவலேவாவை 2016 ஏப்ரலில் ஹவாயின் மாவி தீவில் ஹலேயகலா மலையில் உள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியில் கண்டுபிடித்தார்கள். அளவு 40 முதல் 100 மீட்டருக்குள் இருக்கலாம். இரண்டையுமே பூமிதான் ஈர்த்துப் பிடித்துத் தன்னைச் சுற்ற வைத்திருக்கிறது, அதனால் குட்டி நிலா என்று சொல்வதில் தப்பில்லை.

பதில் 2

முந்தைய பதிலின் கடைசி வரியை மட்டும் திருத்த வேண்டும், ஏனென்றால் குழப்பம் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டுமே பூமியைச் சுற்றவில்லை, சூரியனைத்தான் சுற்றுகின்றன. பூமியின் ஈர்ப்பு ஒரு பொருளைத் தன்னைச் சுற்ற வைக்கக்கூடிய எல்லை ஏறக்குறைய 15 லட்சம் கிலோமீட்டர். கமோஓவலேவா நமக்கு மிக அருகில் வரும்போதே நிலாவின் தூரத்தைப் போல 38 மடங்கு, அதாவது சுமார் 1 கோடியே 46 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. நாளை பூமி இல்லாமல் போனாலும் அது சூரியனைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

அப்புறம் ஏன் நம்மைச் சுற்றுவதுபோல் தெரிகிறது? மகளுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள். நெடுஞ்சாலையில் நீங்கள் ஒரே வேகத்தில் பைக் ஓட்டுகிறீர்கள், தோழர் ஒருவர் இன்னொரு பைக்கில் உங்கள் இடது பக்கமாக முந்துகிறார், முன்னால் போனதும் வலது பக்கம் ஒதுங்கி வேகத்தைக் குறைக்கிறார், நீங்கள் அவரைத் தாண்டிப் போகிறீர்கள், அவர் பின்னால் வந்து மறுபடி இடது பக்கம் சேர்கிறார். உங்கள் பைக்கில் இருந்து பார்த்தால் அவர் உங்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். ஆனால் இருவரும் போவது அதே ஊருக்குத்தான்!

கமோஓவலேவாவின் பாதை பூமியின் பாதையைவிடச் சற்று நீள்வட்டம். சூரியனிலிருந்து சுமார் 13.5 கோடி கிலோமீட்டரில் தொடங்கி 16.5 கோடி வரை போய்த் திரும்புகிறது, நாம் 15 கோடியில் இருக்கிறோம். சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் பாதி வருடம் வேகமாக ஓடி நம்மை முந்தும், வெளியே போன பாதி வருடம் மெதுவாகிப் பின்தங்கும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 366 நாள், நமக்குக் கிட்டத்தட்ட அதே ஒரு வருடம். பாதை சுமார் 8 டிகிரி சாய்ந்திருப்பதால் வருடத்துக்கு ஒருமுறை மேலும் கீழும் வேறு போய்வருகிறது.

பூமிக்கு இதில் வேலையே இல்லை என்று சொல்லவில்லை. அது கொஞ்சம் அதிகமாக முன்னே நகர்ந்தாலோ பின்னே நகர்ந்தாலோ பூமியின் ஈர்ப்பு மெல்ல அந்த நகர்வைத் திருப்பிவிடுகிறது. அதனால்தான் அது நிலாவின் தூரத்தைப் போல 100 மடங்குக்கு மேல் விலகாமல் நூறு வருடமாக நம்மோடு இருக்கிறது, இன்னும் சில நூறு வருடங்கள் இருக்கும். ஆங்கிலத்தில் இதைக் குவாசி சாட்டிலைட் என்பார்கள், தமிழில் போலித் துணைக்கோள் என்று சொல்லலாம்.

6 அங்குலத்தில் தெரியாது. மிகப் பெரிய தொலைநோக்கிகளுக்கே ஏப்ரல் மாதத்தை ஒட்டித்தான் ஓரளவு பிடிபடுகிறது. மோதுமோ என்ற பயம் வேண்டாம்.

பதில் 3

பாதையைவிட எனக்கு கமோஓவலேவா என்ற அந்தக் கல்லே பெரிய ஆச்சரியம். அரிசோனாவில் இருந்து அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், மற்றச் சிறுகோள்களைவிட நிலாவின் பாறையோடுதான் அது ஒத்துப்போகிறது என்றார்கள். நிலாவின் மறுபக்கத்தில் 22 கிலோமீட்டர் அகலத்தில் ஜியோர்டானோ புரூனோ என்ற பள்ளம் இருக்கிறது, அதை உண்டாக்கிய மோதலில் தெறித்த துண்டாக இருக்கலாம் என்று 2024-ல் ஒரு கணக்கும் வந்தது. இரண்டாவது நிலா என்று ஆரம்பித்த பேச்சு, நிலாவின் பிள்ளையாக இருக்கலாம் என்று வந்து நிற்கிறது பாருங்கள்.

கையில் எடுத்துப் பார்த்தால்தான் முடிவாகும். அதற்காகச் சீனா 2025 மே 29 அன்று ஷிச்சாங்கில் இருந்து தியான்வென்-2 விண்கலத்தை ஏவியது. மண் எடுத்து 2027 கடைசியில் பூமிக்கு அனுப்புவது திட்டம். லேசான வேலை இல்லை. கமோஓவலேவா 28 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது, அந்த வேகத்துக்கு அதன் நடுக்கோட்டில் வெறுமனே வைத்த கல்லை அதன் ஈர்ப்பால் பிடித்து வைக்க முடியாது, வெளியே வீசிவிடும். அங்கே ஒரு கலம் எப்படி ஒட்டி நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. பைக் உதாரணம் அவளுக்கு உடனே பிடிபட்டது, சாப்பாட்டு மேசையில் இரண்டு டம்ளரை நகர்த்திக் காட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது அடுத்த கேள்வி: அந்தக் கல்லின் மேல் நின்றால் பூமி எப்படித் தெரியும்?

பதில் 2

மிக அருகில் இருக்கும்போதுகூட, இங்கிருந்து நாம் பார்க்கும் நிலாவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். கண்ணைக் கூசும் ஒரு நட்சத்திரம், அதற்குக் கொஞ்சம் தள்ளி மங்கலாக இன்னொன்று, அது நம் நிலா. நடுக்கோட்டில் நின்றால் இரண்டும் ஏறக்குறைய 14 நிமிடம் வானத்தில் இருக்கும், அடுத்த 14 நிமிடம் மறைந்திருக்கும். ஆனால் நிற்பதற்கு எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.