வீட்டில் வைத்துக்கொள்ள கம்ப்ரஷன் டெஸ்டர்: எதை வாங்கலாம்?

நாமக்கல்_800 கேட்டது:

வணக்கம். எங்கள் வீட்டில் 1998 மாருதி 800 ஒன்றும் ஸ்பிளெண்டர் ஒன்றும் ஓடுகின்றன. கார் கார்புரேட்டர் வண்டி. ஒரு மாதமாக மேடு ஏறினால் இழுவை இல்லை, ஐடிலில் ஸ்டீயரிங் வரை நடுக்கம். பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாம் மாற்றிவிட்டேன், மாற்றம் இல்லை. பட்டறையில் சத்தத்தைக் கேட்டதுமே “பிஸ்டன் ரிங் போயிருச்சு, இன்ஜினை இறக்கணும்” என்றார்கள். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பார்த்தீர்களா என்று கேட்டேன், அதற்குப் பதில் வரவில்லை. அப்பா வாங்கிய முதல் கார் இது. அளந்து பார்க்காமல் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் நானே ஒரு டெஸ்டர் வாங்கலாம் என்று இருக்கிறேன். ரப்பர் கூம்பை பிளக் ஓட்டையில் அழுத்திப் பிடிக்கிற வகை மலிவாகக் கிடைக்கிறது. மரை போட்டு முறுக்குகிற வகை கொஞ்சம் கூட. பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் என்று பெரிய பெட்டியாகவும் விற்கிறார்கள். காருக்கும் பைக்குக்கும் ஒன்றே போதுமா? மீட்டரில் எதைப் பார்த்து வாங்குவது?

பழைய_பட்டறை எழுதியது:

தம்பி, மீட்டரை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஹோஸின் நுனியைப் பாருங்கள். இன்ஜினுக்குள் முறுக்குகிற அந்த மரை முனைக்குள் எட்டிப் பார்த்தால், டயர் வால்வுக்குள் தெரிகிற மாதிரி ஒரு சின்ன ஊசி தெரிய வேண்டும். காற்றை உள்ளே விட்டுத் திரும்ப விடாத வால்வு அது. சில டெஸ்டர்களில் அந்த வால்வு மேலே மீட்டர் பக்கம் இருக்கும். அப்படி இருந்தால் ஹோஸுக்குள் இருக்கிற இடம் முழுவதும் உங்கள் சிலிண்டரோடு சேர்ந்துவிடும், அளவு குறைத்துக் காட்டும்.

எவ்வளவு குறையும் என்று ஒரு கணக்குப் போடுங்கள். பழைய ஸ்பிளெண்டர் 97.2 சி.சி., கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள இடம், மேலே வரும்போது உள்ள இடத்தைப் போல் எத்தனை மடங்கு) 9. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சம் இருக்கிற இடம் 12 சி.சி.தான். உள்விட்டம் 5 மி.மீ., நீளம் 40 செ.மீ. உள்ள ஹோஸ் கிட்டத்தட்ட 8 சி.சி. பிடிக்கும். 12 இருக்கிற இடத்தில் 20 ஆகிவிட்டால் விகிதம் 9 எங்கே, ஆறுக்குக் கீழே போய்விடும். நல்ல இன்ஜினைக் கெட்டது என்று சொல்லிவிடும். உங்கள் 800-இல் ஒரு சிலிண்டருக்கு 265 சி.சி. இருப்பதால் இதே ஹோஸ் அதன் விகிதம் 8.7-ஐ 7.3 அளவுக்கு இறக்கும். காரில் தவறு கொஞ்சம், பைக்கில் பெரிய தவறு. பைக்குக்கும் சேர்த்து வாங்குவதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த ஊசி பழுதானால் டயர் வால்வு ஊசியை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஆனால் டயருக்கானதில் ஸ்பிரிங் கடினம். அதைத் தள்ளவே அழுத்தம் செலவாகி அளவு குறையும். டெஸ்டருக்கென்று தனியாக விற்பதைக் கேட்டு வாங்குங்கள்.

மரை: உங்கள் காருக்கு 14 மி.மீ., ஸ்பிளெண்டருக்கு 10 மி.மீ. பெட்டியில் 14-உம் 12-உம் மட்டும் இருந்து 10 இல்லாமல் போவது உண்டு, கடையிலேயே திறந்து பாருங்கள். பழைய பிளக்கைக் கையோடு கொண்டுபோய், அடாப்டரின் மரை நீளம் பிளக்கின் மரையைத் தாண்டவில்லை என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாண்டினால் பிஸ்டனில் இடிக்கலாம்.

ரப்பர் கூம்பு வேண்டாம். ஒருவர் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் சாவி போட வேண்டும். கை கொஞ்சம் தளர்ந்தாலும் காற்று கசியும், மூன்று முறை பார்த்தால் மூன்று அளவு வரும். டீசல் பெட்டியும் வேண்டாம். டீசலில் அழுத்தம் 400 பி.எஸ்.ஐ. தாண்டும் என்பதால் அந்த மீட்டர் பெரிய அளவுக்குப் போட்டது, உங்கள் 150, 160 எல்லாம் அதன் ஓரத்தில் நெருக்கமாகக் கிடக்கும். 0 முதல் 300 வரை உள்ள மீட்டர் போதும், முள் நடுவில் நிற்கும். அழுத்தத்தை இறக்க ஒரு பொத்தான் இருக்க வேண்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். அடாப்டரை முதலில் ஹோஸில் ஸ்பேனர் போட்டு இறுக்கிவிட்டு, அப்புறம் ஹெட்டில் (பிளக் மாட்டுகிற இன்ஜினின் மேல்பாகம்) கையால் மட்டும் முறுக்குங்கள். நான் ஒருமுறை மாற்றிச் செய்தேன். கழற்றும்போது ஹோஸ் மட்டும் கையோடு வந்தது, 10 மி.மீ. அடாப்டர் ஹெட்டிலேயே தங்கிவிட்டது. ஆழமான பிளக் குழி, ஸ்பேனர் இறங்கவில்லை. அதை எடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

நாமக்கல்_800:

அண்ணே, ஹோஸ் நுனி விஷயம் யாருமே சொல்லவில்லை. மிக்க நன்றி. அளக்கும் முறையையும் சொல்லுங்கள்.

பழைய_பட்டறை:

இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். மூன்று பிளக்கையும் கழற்றுங்கள், ஒன்றை மட்டும் கழற்றிவிட்டுப் பார்க்காதீர்கள். இக்னிஷன் காயிலுக்கு வருகிற வயரை எடுத்துவிடுங்கள். ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி சாவி போடுங்கள், சோக் திறந்திருக்கட்டும். மூடியே இருந்தால் காற்று உள்ளே வராது, அளவும் வராது. முள் ஐந்தாறு துள்ளலில் நின்றுவிடும். முதல் துள்ளலையும் எழுதி வையுங்கள். முதலில் கொஞ்சம் காட்டி மெதுவாக ஏறினால் ரிங் மேல் சந்தேகம். முதலும் குறைவு, கடைசியும் குறைவு என்றால் வால்வு மேல். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கட்டும்.

எந்தச் சிலிண்டர் குறைகிறதோ அதில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங். ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் கேஸ்கெட்டை முதலில் சந்தேகப்படுங்கள்.

குன்னூர்_புல்லட்:

அண்ணன் சொன்ன ஆயில் சோதனையை ஸ்பிளெண்டரில் நம்ப வேண்டாம். அதன் சிலிண்டர் படுத்தவாக்கில் இருக்கிறது, ஆயில் ஒரு பக்கமாகத் தேங்கிவிடும், ரிங்கைச் சுற்றிப் பரவாது.

இன்னொன்று, மலையில் இருப்பவர்களுக்கு. உயரம் ஏற ஏற காற்று மெலிகிறது. மேட்டுப்பாளையத்தில் 160 காட்டிய அதே வண்டி 2240 மீட்டரில் இருக்கிற ஊட்டியில் 125 பக்கம்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) செய்தவரை எனக்குத் தெரியும். புல்லட்டில் யூ.சி.இ. இன்ஜின் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள வகை) வைத்திருப்பவர்களும் கவனிக்கவும். அதில் ஆட்டோ டீகம்ப்ரசர் இருக்கிறது, ஸ்டார்ட் ஆகிற வேகத்தில் வால்வைக் கொஞ்சம் திறந்துவிடும், அதனால் அளவு இயல்பாகவே குறைவாக வரும்.

நாமக்கல்_800, இரண்டு வாரம் கழித்து:

மரை வகையே வாங்கினேன். கடையில் மூன்று பெட்டியைத் திறக்கச் சொன்னேன், இரண்டில் ஊசி மீட்டர் பக்கம் இருந்தது. கடைக்காரர் கொஞ்சம் முறைத்தார், ஆனாலும் காட்டினார்.

ஒவ்வொரு சிலிண்டரையும் மூன்று முறை பார்த்தேன். முதல் சிலிண்டர் 165, இரண்டாவது 160, மூன்றாவது 110. மூன்றாவதில் ஆயில் விட்டுப் பார்த்தேன், 114. முதல் துள்ளலிலிருந்தே குறைவு. அப்போது டேப்பட் (வால்வைத் தள்ளுகிற பாகம்) மூடியைக் கழற்றி, பிஸ்டனை மேலே நிறுத்தி, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்டை விட்டேன். மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வில் மெல்லிய தகடுகூட நுழையவில்லை, இடைவெளியே இல்லை. வால்வு முழுதாக உட்காராமல் கசிந்திருக்கிறது. மேனுவலில் உள்ள அளவுக்கு வைத்து மறுபடி பார்த்தேன். 148. இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் பார்த்தபோது 155.

ஐடிலில் நடுக்கம் நின்றுவிட்டது. நேற்று அப்பாவை ஏற்றிக்கொண்டு கொல்லிமலை அடிவாரம் வரை போய் வந்தேன். இந்த அளவுகளைத் தேதி போட்டு பானட்டின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். ஸ்பிளெண்டரை வரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் அண்ணே, ஆயில் விடாமல்.

பழைய_பட்டறை:

நல்லது தம்பி. அந்த எக்ஸாஸ்ட் டேப்பட்டை 1000 கிலோமீட்டரில் ஒருமுறை திறந்து பாருங்கள். இடைவெளி மறுபடி குறைந்திருந்தால் வால்வு சீட் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம், அப்போது ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். ஸ்பிளெண்டரில் ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்துக்கொண்டு எட்டு கிக் அடியுங்கள்.