ஆர் மென்பொருளில் பட்டம் வாரியாக நெல் விளைச்சல்: மூன்று பெட்டி வரவேண்டிய இடத்தில் ஒரே பெட்டி

கேள்வி: வெண்ணாற்றங்கரை

வணக்கம். ஆர் (R) என்ற புள்ளியியல் கணினி மொழிக்கு நான் புதியவள். திருவாரூர் மாவட்டத்து நான்கு ஒன்றியங்களின் நெல் அறுவடைக் கணக்கு எக்செல்லில் இருக்கிறது. 96 வரிசை, வரிசைக்கு ஒரு வயல், பட்டத்துக்கு (பயிர்ப் பருவத்துக்கு) 32. பத்திகள் ஐந்து: ஒன்றியம், பட்டம், ரகம், பரப்பு, மூட்டை. பட்டத்தை 1, 2, 3 என்று எண்ணாகப் போட்டிருக்கிறேன் (குறுவை, சம்பா, தாளடி). மூட்டையைப் பரப்பால் வகுத்து 'விளைச்சல்' என்று ஆறாவது பத்தி சேர்த்தேன்.

ஜிஜிபிளாட்2 என்ற படம் வரையும் தொகுப்பில் பாக்ஸ்பிளாட் (மதிப்புகளின் பரவலைப் பெட்டியாகக் காட்டும் படம்) போட்டால் மூன்று பட்டமும் சேர்ந்து ஒரே பெட்டியாக வருகிறது. ஜியோம் கால் (தூண் படம்) போட்டால் குறுவைக்குத் தூண் 900-ஐத் தாண்டுகிறது. ஏக்கருக்கு 900 மூட்டை எங்கே விளையும்? ஒன்றியம் வாரியாகப் பிரித்தால் கொரடாச்சேரி இரண்டு முறை வருகிறது, எழுத்தில் வித்தியாசமே தெரியவில்லை. படத்தைச் சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகிறது. எதை முதலில் சரி செய்வது?

பதில் 1: கடைமடை

முதலில் பட்டம். 1, 2, 3 என்பது உங்களுக்குப் பெயர். ஆருக்கு அது எண். எண் என்றால் அது தொடர் அளவு, குழு இல்லை. அதனால்தான் எல்லா வயலையும் ஒரே பெட்டியில் கொட்டிவிடுகிறது. கன்சோலில் 'குரூப் கொடுக்க மறந்தீர்களா' என்ற பொருளில் ஓர் எச்சரிக்கையும் வந்திருக்குமே, அதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

அந்தப் பத்தியை ஃபேக்டராக, அதாவது குழுப் பெயர்களாக, மாற்றுங்கள். ஃபேக்டர் கட்டளைக்குள் லெவல்ஸ் 1, 2, 3 என்றும், லேபிள்ஸ் குறுவை, சம்பா, தாளடி என்றும் அதே வரிசையில் கொடுக்க வேண்டும். லெவல்ஸில் எழுதாத மதிப்பு தரவில் இருந்தால் சத்தமில்லாமல் என்ஏ (மதிப்பில்லை) ஆகிவிடும். அதனால் மாற்றிய கையோடு டேபிள் கட்டளையில் யூஸ்என்ஏ என்பதை ஆல்வேஸ் என்று வைத்து எண்ணிப் பாருங்கள். 32, 32, 32, என்ஏ 0 என்று வந்தால் சரி.

இனி எண்ணுக்குப் பதில் பெயரையே எழுதி வைத்தாலும் லெவல்ஸ் கொடுப்பதை விடாதீர்கள். கொடுக்காவிட்டால் பெயர்களை அகரவரிசையில் அடுக்கும். குறுவை, சம்பா, தாளடி என்பது தற்செயலாக அகரவரிசையிலும் அப்படியே வருவதால் இங்கே தப்பித்தது. மாதப் பெயர் வந்தால் காலவரிசை குலைந்துவிடும்.

900 மூட்டைக்குக் காரணம் வேறு. ஜியோம் கால் சராசரி எடுக்காது. ஒரு பட்டத்துக்கு 32 வரிசை இருந்தால் 32 விளைச்சலையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டிவிடும். 32 வயல், தலா 30 மூட்டை என்றால் 960. இதைச் சரிசெய்ய, தூண்களை அடுக்காமல் வைக்கும் பொசிஷன் டாட்ஜ் போடச் சொல்வார்கள், போடாதீர்கள். தூண்கள் ஒன்றையொன்று மறைத்து, மிக உயரமானது மட்டும் கண்ணில் படும். படம் நம்பும்படி இருக்கும், எண் தப்பாக இருக்கும். தூண்தான் வேண்டும் என்றால் முதலில் குரூப் பை, சம்மரைஸ் இரண்டாலும் சராசரியைக் கணக்கிட்டு, பட்டத்துக்கு ஒரே வரிசை உள்ள அட்டவணையிலிருந்து வரையுங்கள்.

பதில் 2: எழுத்துக்கூட்டி

கொரடாச்சேரி இரண்டாக வருவது ஆரின் பிழை இல்லை. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒரே குறியீடாக வருவது ஒன்று. ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வருவது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு சொல். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பும் புதிதாகத் தட்டிய கோப்பும் ஒன்றாகச் சேரும்போது இது நடக்கும்.

சந்தேகத்தைத் தீர்க்க, யுனீக் கட்டளை தரும் பெயர்களை, குறியீடுகளை எண்ணும் என்சார் கட்டளையில் கொடுங்கள். ஒரு கொரடாச்சேரிக்கு 11, இன்னொன்றுக்கு 12 என்று வந்தால் இதுதான் நோய். ஸ்ட்ரிங்ஐ தொகுப்பில் உள்ள என்எஃப்சி மாற்றக் கட்டளையை ஒன்றியப் பத்தி முழுவதற்கும் ஒரு முறை ஓட்டினால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். கோட்டூரும் பட்டியலில் இருந்தால் அதையும் பாருங்கள், 'கோ'வுக்கும் இதே சிக்கல் உண்டு. என்எஃப்சி ஓட்டிய பிறகும் எண்ணிக்கை 12, 13 என்றெல்லாம் வந்தால் பெயருக்குப் பின்னால் இடைவெளி ஒட்டியிருக்கலாம். அதற்கு ட்ரிம்டபிள்யூஎஸ் போதும். இதையெல்லாம் ஃபேக்டர் ஆக்குவதற்கு முன்பே செய்யுங்கள்.

கட்டம் கட்டமாக வருவதற்கு: ராக் (ragg) என்ற தொகுப்பை நிறுவிவிட்டு ஜிஜிசேவில் பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். தீமில் எழுத்துரு விண்டோஸ் என்றால் நிர்மலா யூஐ, லினக்ஸ் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ். ஆர்ஸ்டுடியோ திரையிலும் தெரிய, குளோபல் ஆப்ஷன்ஸில் கிராஃபிக்ஸ் பேக்எண்டை ஏஜிஜி ஆக்குங்கள். பிடிஎஃப் வேண்டும் என்றால் சாதாரண பிடிஎஃப் வேண்டாம், கெய்ரோ பிடிஎஃப்.

பதில் 3: மாக்கணக்கு

தங்கச்சி, படத்துக்கு முன்னாடி மூட்டையைப் பாருங்க. வியாபாரிகிட்ட போட்டவங்க 60 கிலோ மூட்டையைச் சொல்லியிருப்பாங்க, கொள்முதல் நிலையத்துல போட்டவங்க 40 கிலோ சிப்பத்தைச் சொல்லியிருப்பாங்க. ஒரே 1,800 கிலோ ஒருத்தர் கணக்குல 30, இன்னொருத்தர் கணக்குல 45. எந்த மூட்டைன்னு ஒரு பத்தி சேர்த்து, எல்லாத்தையும் ஏக்கருக்குக் கிலோவா மாத்திடுங்க.

அடுத்தது ரகம். பட்டத்தை எக்ஸ் அச்சுல வச்சு ரகத்தை ஃபில்லுக்கு (பெட்டியோட நிறத்துக்கு) கொடுப்பீங்க. ஆனா சிஆர் 1009 நீண்ட நாள் ரகம், குறுவைக்கு வராது. ஆடுதுறை 43 குறுகிய நாள், குறுவைக்கானது. அதனால பல ஜோடி காலியா இருக்கும், இருக்கிற பெட்டி அகலமாப் பரவும். பொசிஷன் டாட்ஜ்2-ல ப்ரிசர்வ் சிங்கிள் கொடுத்தா அகலம் சமமாகும். அதைவிட ஃபேசட் ரேப்ல பட்டத்துக்கு ஒரு கட்டம், ஸ்கேல்ஸ் ஃப்ரீ எக்ஸ்: எனக்கு இதுதான் நேர்மையான படமாத் தெரியுது. பட்டத்துக்குப் பட்டம் ரகமும் மாறுறப்போ, வித்தியாசம் பட்டத்தால வந்ததுன்னு படம் பொய் சொல்லக் கூடாது.

அப்படிப் பிரிச்சா ஒரு பெட்டிக்கு ஏழெட்டு வயல்தான் மிஞ்சும். அவ்வளவு கம்மியா இருக்கறப்போ பெட்டி மட்டும் போதாது. மேலயே ஜியோம் ஜிட்டர் (ஒவ்வொரு வயலையும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் புள்ளியா வைக்கறது) போடுங்க: விட்த் 0.15, ஹைட் 0. ஹைட்டைச் சொல்லாம விட்டா புள்ளி மேலும் கீழும் நகரும், விளைச்சல் மதிப்பே மாறித் தெரியும். பாக்ஸ்பிளாட்ல அவுட்லயர் ஷேப்பை என்ஏ ஆக்குங்க, இல்லேன்னா ஒதுங்கின வயல் ரெண்டு தடவை புள்ளியா வரும்.

வெண்ணாற்றங்கரை

மூவருக்கும் நன்றி. கொரடாச்சேரி 11, 12 என்றே வந்தது, என்எஃப்சி ஓட்டியதும் ஒன்றாகிவிட்டது. கிலோவாகவும் மாற்றிவிட்டேன். இப்போது ஒய்லிம் (நிமிர் அச்சின் எல்லை) 1,000 முதல் 3,000 வரை வைத்தால் '5 வரிசை நீக்கப்பட்டது' என்ற எச்சரிக்கை வருகிறது, சம்பாவின் நடுக்கோடும் மேலே நகர்ந்துவிட்டது. ஏன்?

கடைமடை

ஒய்லிம் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதில்லை. எல்லைக்கு வெளியே உள்ள வயல்களைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் இடைநிலை (அந்த நடுக்கோடு) கணக்கிடுகிறது. கோஆர்ட் கார்ட்டீசியனுக்குள் அதே எல்லையைக் கொடுங்கள், 96 வயலும் கணக்கில் இருக்கும். ஆனால் அந்த 5 வரிசை எவை என்று முதலில் ஃபில்டர் போட்டுப் பாருங்கள்.

வெண்ணாற்றங்கரை

ஐந்தும் சம்பா. ஏக்கருக்கு 560 முதல் 640 கிலோ. பரப்பு ஐந்திலும் 3 அல்லது 6.

மாக்கணக்கு

அது ஏக்கர் இல்ல, மா. நம்ம பக்கம் 3 மா ஒரு ஏக்கர். 30 மூட்டை, 60 கிலோ, பரப்பு 3ன்னு வகுத்தா ஏக்கருக்கு 600 வரும். 1ஆல வகுத்திருந்தா 1,800. ஆனா படத்துல விளைச்சலை மூணால பெருக்கித் திருத்தாதீங்க. வயல் நோட்டுல அந்த ஐந்து பேருக்கும் பரப்பு எப்படி எழுதியிருக்குன்னு பார்த்து, மா தான்னு உறுதியானா எக்செல்ல பரப்புப் பத்தியைத் திருத்தி, கோப்பை மறுபடி சிஎஸ்வி யூடிஎஃப்-8 ஆச் சேமிச்சு முதல்லேருந்து ஓட்டுங்க.