ப்ரியஸ் எஞ்சின் வாட்டர் பம்ப்: வீட்டிலேயே மாற்ற முடியுமா? கையில் இருபதாயிரம்தான்

கோபி மஞ்சக்காடு:

வணக்கம்ங்க. ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். வண்டி 2011 மாடல் டொயோட்டா ப்ரியஸ், மூன்றாம் தலைமுறை, 1.8 லிட்டர். பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. இப்போது 1,52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

போன வாரம் பண்ணாரி தாண்டி திம்பம் மலை ஏறிக்கொண்டிருந்தபோது டேஷ்போர்டில் சிவப்பு வெப்ப விளக்கு எரிந்தது. உடனே ஓரம் கட்டி ஆஃப் செய்துவிட்டேன். அதற்கு மேல் ஓட்டவில்லை, பிளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நண்பரின் ஸ்கேனரில் பார்த்தால் பி148எஃப், பி261பி என்று இரண்டு எரர் கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) காட்டுகிறது.

விசாரித்த பட்டறையில், எஞ்சின் வாட்டர் பம்ப் போயிருக்கும், வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும், கூலியோடு ஐம்பதாயிரம் தாண்டும் என்கிறார்கள். மஞ்சள் இன்னும் குடோனில்தான் கிடக்கிறது, விலை வந்தால்தான் விற்பேன். இப்போதைக்கு என்னால் புரட்ட முடிவது இருபதாயிரம்.

டிராக்டர் வேலை எல்லாம் நானே பார்ப்பேன். போர் மோட்டார் தூக்கி இறக்கிய பழக்கமும் உண்டு. ஆனால் ஹைபிரிட் என்றதும் அந்த ஆரஞ்சு வயரைப் பார்த்தாலே கை தயங்குகிறது. நானே மாற்றலாமா? இல்லாவிட்டால் பழைய பம்ப்பையே கோயம்புத்தூரில் வைண்டிங் கட்டிக்கொள்ள முடியுமா? நம்மூரில் கட்டாத மோட்டாரா! உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ பழைய பம்ப் கிடைத்தால் போடலாமா? விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்க.

சிங்காநல்லூர் பம்புசெட்:

தம்பி, விளக்கு எரிந்ததும் நிறுத்தினீங்களே, நல்ல காரியம். இந்த வண்டியில் வெப்பநிலை முள் கிடையாது. சிவப்பு விளக்கு வருவதற்குள் எஞ்சின் நன்றாகவே காய்ந்திருக்கும். இந்த எஞ்சினுக்கு ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேல் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற சீல் தகடு) பலவீனமான இடம் வேறு. இன்னும் நாலு வளைவு ஏறிப் பார்ப்போம் என்று மிதித்திருந்தால் செலவு வேறு கணக்கில் போயிருக்கும்.

எனக்குத் தொழிலே பம்புசெட், வைண்டிங் பட்டறை. என்னிடம் இருப்பதும் இதே ப்ரியஸ்தான், இதே பம்ப்பை என் ஷெட்டிலேயே மாற்றியிருக்கிறேன். அதனால் முதலில் வைண்டிங் கேள்விக்கே பதில் சொல்லிவிடுகிறேன்: முடியாதுங்க. இது பிரஷ் இல்லாத மோட்டார். ஓட்டுகிற எலக்ட்ரானிக்ஸும் சேர்த்து ஒரே கூட்டுக்குள் அடைத்து மூடியிருக்கிறது. ரோட்டர் கூலண்ட்டுக்குள்ளேயே சுழல்கிற வகை, அதன் பேரிங்குக்குக் கூலண்ட்தான் எண்ணெய். பிரித்தால் திரும்ப அதே மாதிரி சீல் செய்ய நம்மிடம் வழி கிடையாது. கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் கொடுக்காதீங்க. வைண்டிங் தொழில் எனக்குச் சோறு போடுகிறது, அது தெரிந்தேதான் சொல்கிறேன்.

இனி, பம்ப் உண்மையிலேயே போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பி148எஃப் என்றால் பம்ப் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றுகிறது என்று பொருள். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோனோபிளாக் சத்தம் மாறி வெறுமனே சுற்றுமே, அதே கதைதான். கூலண்ட் குறைந்தாலும், உள்ளே காற்று அடைத்தாலும் நல்ல பம்ப்பிலேயே இந்த எரர் கோடு வரும். ஆகவே எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு ரிசர்வாயர் டேங்க்கில் அளவு பாருங்க. குறைந்திருந்தால் எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்க. பம்ப் ஓரத்தில் இளஞ்சிவப்பாகக் காய்ந்த தடம் இருந்தால் அதுவே சாட்சி.

பி261பி என்பது, இவ்வளவு வேகத்தில் சுற்று என்று கம்ப்யூட்டர் சொன்னபடி பம்ப் சுற்றவில்லை என்கிற கோடு. இதற்கு பம்ப்பும் காரணமாகலாம், கனெக்டரில் பிடித்த பச்சைக் களிம்பும் காரணமாகலாம். பியூஸ், கனெக்டர் இரண்டையும் கழற்றிப் பார்த்துத் துடைத்து மாட்டுங்க. யாரிடமாவது டெக்ஸ்ட்ரீம் (டொயோட்டா வண்டிகளைச் சோதிக்கிற மென்பொருள்) போட்ட லேப்டாப்பும், அதை வண்டியோடு இணைக்கிற மினி விசிஐ கேபிளும் இருந்தால், பம்ப்புக்குப் போகிற கட்டளை வேகத்தையும் அது உண்மையில் சுற்றுகிற வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கூலண்ட் அளவு சரி, வயர் சரி, ஆனாலும் சொன்ன வேகம் வரவில்லை என்றால் பம்ப்தான். அப்போது காசை எடுங்க, அதற்கு முன்னால் வேண்டாம்.

இந்த வண்டியில் பம்ப் இரண்டு. எஞ்சினுக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு (பெரிய பேட்டரி கரண்ட்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றுகிற பெட்டி) தனியாக ஒன்று. இரண்டுக்கும் டேங்க்கும் தனித்தனி. இன்வெர்ட்டர் பக்கம் கோளாறு என்றால் பி0ஏ93 வந்திருக்கும். உங்களுக்கு வந்திருப்பது எஞ்சின் பக்கத்துக் கோடு. இதைச் சொல்வதற்குக் காரணம், கடையில் “ப்ரியஸ் வாட்டர் பம்ப்” என்று மட்டும் கேட்டால் மற்றதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எஞ்சின் பம்ப்பின் டொயோட்டா எண் 161ஏ0-29015. அதே பம்ப் ஐசின் கம்பெனிப் பெட்டியில் டபிள்யூபிடி-190 என்ற எண்ணில் வரும். சேஸிஸ் எண்ணையும் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்க.

பழைய பம்ப் பற்றிக் கேட்டீங்க. கதவுக் கண்ணாடி, ஹெட்லைட், சீட் என்றால் உக்கடத்தை விட நல்ல இடம் கிடையாது, நானே வாங்குவேன். பம்ப் மட்டும் வேண்டாம். கழற்றின வண்டி எத்தனை ஓடியது, காய்ந்து ஓடியதா என்று எவருக்கும் தெரியாது. போலிப் பெட்டியில் வருகிற விலை குறைந்த பம்ப்பும் வேண்டாம். கூலியை மிச்சப்படுத்தி, அந்தப் பணத்தை ஒரிஜினல் பம்ப்பிலும் ஒரிஜினல் கூலண்ட்டிலும் போடுங்க.

கரண்ட் பயம் நியாயமானது. பின்னால் இருக்கிற பெரிய பேட்டரி 201.6 வோல்ட், இன்வெர்ட்டர் அதை 650 வோல்ட் வரை ஏற்றும். ஆனால் நாம் கழற்றப் போகிற பம்ப் 12 வோல்ட்டில் ஓடுவது. அதைக் கழற்றுகிற வழியில் ஆரஞ்சு கேபிள் எதையும் தொட வேண்டியதில்லை. இதைவிடப் பெரிய ஆபத்து, வண்டி ரெடி நிலையில் (பவர் ஆன், ஓடத் தயார்) சத்தமே இல்லாமல் நின்று, நாம் கை விட்டிருக்கும்போது எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆவது. பவரை அணைத்து, சாவியை வீட்டுக்குள் தூரமாக வைத்துவிட்டு, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்க. அந்த பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது, டிக்கி திறப்பதோ கரண்ட்டில். அதனால் வேலை முடிகிற வரை டிக்கியைச் சாத்தாதீங்க, சாத்தினால் உள்ளே ஊர்ந்து போய்த்தான் திறக்க வேண்டும். நான் சர்வீஸ் பிளக்கையும் (பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கிற பிளக்) பிடுங்கி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்தேன், கெப்பாசிட்டர் இறங்க அந்த நேரம் வேண்டும். பிளக்கைத் தொடுவதானால் 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை கட்டாயம்.

கழற்றுவது டிராக்டர் வேலை தெரிந்தவருக்குக் கஷ்டம் இல்லை. பெல்ட்டே கிடையாத எஞ்சின் இது, அதுவே பாதி நிம்மதி. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீங்க, ஹாலோ பிளாக் கல்லையும் முட்டுக் கொடுக்க வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும். அடித்தட்டைக் கழற்றி, ரேடியேட்டர் அடியில் இருக்கிற வடிகுழாயைத் திறந்து கூலண்ட்டை வடிங்க. வடித்ததைக் காலி தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி எத்தனை லிட்டர் என்று குறித்து வையுங்க, இது அப்புறம் ரொம்ப உதவும். பம்ப் நம் ஓட்டுநர் பக்கத்தில், எஞ்சினின் முன்முகத்தில், ரேடியேட்டருக்குப் பின்னால் தாழ்வாக உட்கார்ந்திருக்கும். கனெக்டர், ஹோஸ், அப்புறம் போல்ட்டுகள். ஹோஸை இழுக்கக் கூடாது, முதலில் திருகி ஒட்டு விடவைத்த பிறகு உருவ வேண்டும். எஞ்சின் அலுமினியம் என்பதால் பழைய கேஸ்கட் ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் தகட்டால் மட்டும் சுரண்டுங்க. புதுக் கேஸ்கட் போட்டு, மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டுகிற ஸ்பேனர்) வைத்து முறுக்குங்க. டிராக்டர் கையில் முறுக்கினால் மரை போய்விடும்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான்: காற்று எடுப்பது. புதுப் பம்ப் போட்டும் சூடாகிறது என்று புலம்புகிற ஆட்களில் பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வண்டியின் மூக்கு மேலே தூக்கியபடியே இருக்கட்டும். கூலண்ட்டை மெதுவாக ஊற்றி, ஹோஸ்களைக் கையால் பிசைந்து பிசைந்து விடுங்க, குமிழி வரும், அளவு இறங்கும், மறுபடி ஊற்றுங்க. பிறகு பேட்டரியை மாட்டி வண்டியை மெயின்டெனன்ஸ் மோடில் போட வேண்டும். இல்லாவிட்டால் ஹைபிரிட் எஞ்சின் தன் இஷ்டத்துக்கு அணைந்துவிடும். பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் விளக்குகள் எரியும். அதிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் பார்க்கிங்கில் ஆக்சிலரேட்டரை இரண்டு முறை முழுக்க மிதிங்க, நியூட்ரலில் இரண்டு முறை, திரும்ப பார்க்கிங்கில் இரண்டு முறை. திரையில் மெயின்டெனன்ஸ் மோட் என்று வரும், அப்போது பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்யுங்க. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தால் அந்தக் குழாயில் இருக்கிற காற்றும் வெளியேறும். கூடவே ஒரு ப்ளூடூத் ஓபிடி கருவியை (வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கிற சிறு கருவி) அதற்கான சாக்கெட்டில் செருகி மொபைலில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருங்க. தொண்ணூறு டிகிரியை ஒட்டி நின்றால் சரி, நூறைத் தாண்டி ஏறினால் அணைத்துவிடுங்க. ஆறவிட்டு, டேங்க் பார்த்து ஊற்றி, மறுபடி. குறித்து வைத்த லிட்டர் கணக்கு திரும்ப உள்ளே போன பிறகுதான் காற்று போனது என்று நம்பலாம். இந்த மோடிலேயே ரோட்டில் ஓட்டக் கூடாது, கியர் பகுதிக்கு ஆகாது. ஒரு முறை அணைத்தால் மோடு விலகிவிடும்.

கூலண்ட் டொயோட்டாவின் இளஞ்சிவப்பு சூப்பர் லாங் லைஃப் மட்டும். கலந்தே வருவதால் தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை. நம்ம போர்த் தண்ணீர் உப்பு என்று தெரிந்ததுதான், சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் இதில் ஊற்றாதீங்க. அந்தக் கூலண்ட்டுக்கு முதல் மாற்று 1,60,000 கிலோமீட்டரில். உங்கள் வண்டி அதை நெருங்கிவிட்டது, எப்படியும் செய்ய வேண்டிய செலவுதான்.

காங்கயத்தான், ஷார்ஜா:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. பாகம் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். இங்கே டாக்ஸியே ப்ரியஸ், கேம்ரி ஹைபிரிட் என்று ஓடியதால் ஹைபிரிட் சாமானுக்குப் பஞ்சம் இல்லை. 29015 பம்ப் லெக்சஸ் சிடி200எச் வண்டிக்கும் அதேதான். ஆகவே ப்ரியஸ் பெட்டி இல்லை என்று கடைக்காரர் கையை விரித்தால் அந்தப் பெயரில் கேளுங்க. நம்மூர் ஆள் யாராவது லீவுக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வது நல்ல வழி, பில்லைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்க. கேஸ்கட் பெட்டிக்குள் இருக்கிறதா என்று திறந்து பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும், சில பெட்டிகளில் இருக்காது. இண்டஸ்ட்ரியல் ஏரியா பழைய சாமான் கடைகளில் கழற்றின பம்ப் குவிந்து கிடக்கும். விலையைப் பார்த்து மனசு போகும், போகவிடாதீங்க.

பெருந்துறை ஷெட்:

தம்பி, நான் மெக்கானிக். பம்ப்புக்குப் பணம் போடும் முன் ஹெட் கேஸ்கட் நல்லா இருக்கிறதா என்று பார்த்துவிடுங்க. உங்களுக்கு விளக்கு எரிந்தது மலை ஏறும்போது, எஞ்சின் முழு லோடில் இருந்திருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் வண்டி உதறுகிறதா, வெளியே ஒழுகாமலே கூலண்ட் குறைகிறதா, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்க. ரிசர்வாயர் வாயில் வைத்துப் பார்க்கும் ரசாயனச் சோதனைக் குழாய் ஒன்று உண்டு, எரிந்த வாயு கலந்திருந்தால் நீலத் திரவம் மஞ்சளாக மாறும். பெரிய பட்டறைகளில் இருக்கும். மாறினால் பம்ப்பை வாங்காதீங்க, முதலில் ஹெட்டைப் பற்றிப் பேச வேண்டும். சிங்காநல்லூர் அண்ணன் இதைக் கொஞ்சம் சீக்கிரம் தாண்டிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோபி மஞ்சக்காடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஆறிய பிறகு டேங்க்கைப் பார்த்தேன், அளவு குறைந்துதான் இருக்கிறது. பம்ப் ஓரத்தில் இளஞ்சிவப்புத் தடமும் தெரிகிறது. உதறல் பற்றி: அதற்கு முந்தின நாள் வரை காலையில் அமைதியாகத்தான் ஸ்டார்ட் ஆனது. அந்த நீலத் திரவச் சோதனைக்கு எஞ்சின் ஓட வேண்டுமே, பம்ப் இல்லாமல் எப்படி ஓட்டுவது? அப்புறம் வடித்த கூலண்ட்டை எங்கே கொட்டுவது? வீட்டைச் சுற்றித் தோட்டம்தான்.

பெருந்துறை ஷெட்:

கூலண்ட்டை மட்டம் வரை ஊற்றிவிட்டு ஆறிய எஞ்சினை ஓட்டினால் சோதனைக்குத் தேவையான சில நிமிடம் கிடைக்கும், சூடு ஏறுவதற்குள் அணைத்துவிடலாம். ஓபிடியில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும், எண்பதிலேயே அணையுங்க. ஷெட்டுக்கு ஓட்டி வர வேண்டாம், சோதனைக் குழாயை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.

சிங்காநல்லூர் பம்புசெட்:

பெருந்துறைக்காரர் சொன்னது நியாயம், அந்தச் சோதனை முதலில் நடக்கட்டும். தடம் பம்ப் ஓரத்திலேயே தெரிகிறது என்றால் கூலண்ட் போன வழி தெரிந்துவிட்டது, எனக்கு நம்பிக்கை இருக்கிறது தம்பி.

கூலண்ட் விஷயத்தில் கவனமாக இருங்க. அது எத்திலீன் கிளைகால், விஷம், ஆனால் ருசி இனிப்பு. நாயும் ஆடும் நக்கினால் பிழைக்காது. வடிக்கும்போது கட்டுத்தறிப் பக்கம் வண்டியை நிறுத்தாதீங்க, பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீங்க. சிந்தினால் மண்ணைப் போட்டு உறிஞ்சவைத்து, அந்த மண்ணையும் அள்ளிவிட்டு இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்க. வாய்க்காலிலோ கிணற்றுப் பக்கமோ கொட்டவே கூடாது. பாட்டில்களை இறுக்க மூடி, விஷம் என்று மேலே எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்க. பழைய எஞ்சின் ஆயில் சேர்த்துக் கொடுக்கிற ஏதாவது ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் கேட்டு ஒப்படையுங்க, ஆயிலோடு மட்டும் கலக்காமல் தனியாகக் கொடுங்க. டார்க் ரெஞ்ச் விலைக்கு வாங்க வேண்டாம், என்னுடையதைத் தருகிறேன்.