டபுள்கார்ட்டின் தெரிந்தால் அது புது நியூரானா?

சந்தேகி: வேறொரு இழையில் ஒருவர் அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்: "87 வயதுக்காரர் மூளையிலும் டபுள்கார்ட்டின் புரதம் கிடைத்துவிட்டது, ஆகவே கடைசிவரை புது நியூரான் (நரம்புச் செல்) பிறக்கிறது, பேச்சு முடிந்தது." 2019-இல் மாட்ரிட் குழு வெளியிட்ட ஆய்வைத்தான் சொல்கிறார். நரம்பு நோய் எதுவும் இல்லாத 13 பேர், வயது 43 முதல் 87 வரை. நினைவுக்கான ஹிப்போகேம்பஸின் ஒரு பகுதியான டென்டேட் ஜைரஸில், எல்லோருக்கும் அந்தப் புரதம் இருந்தது. அதுவரை சரி, அந்த "ஆகவே"தான் எனக்கு இடிக்கிறது. டபுள்கார்ட்டின், செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைத் தாங்கிப் பிடிக்கும் புரதம். இளம் நியூரான் நகரவும் கிளை விடவும் அது வேண்டும். செல் இன்னும் முதிரவில்லை என்று அது சொல்லும், எப்போது பிறந்தது என்று சொல்லாது. மீசை முளைக்கவில்லை என்பதற்காக ஒருவரின் பிறந்த வருடத்தை எழுதிவிட முடியுமா?

ஈரத்தட்டு: எலியில எழுதலாம் சார். செல் பிறந்து சில நாள்ல டபுள்கார்ட்டின் வரும், சில வாரத்துல அடங்கும், அப்புறம் முதிர்ந்த நியூரானோட அடையாளமான நியூஎன் புரதம் நிலைச்சு நிக்கும். சும்மா சொல்லல, செல் பிரியும்போது அதோட டிஎன்ஏவுல ஒட்டிக்கற பிஆர்டியூ மருந்தை ஊசியாப் போட்டுப் பிறந்த தேதியைத் தனியாக் குறிச்சு, ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பார்த்திருக்காங்க. எலிக்கு ஒரு நியாயம், மனுஷனுக்கு ஒரு நியாயமா?

சந்தேகி: அதே எலியின் பைரிஃபார்ம் கார்ட்டெக்ஸைப் பாருங்கள், வாசனையை உணரும் பகுதி. இரண்டாம் அடுக்கில் டபுள்கார்ட்டின் உள்ள செல்கள் வரிசையாக நிற்கும். அவை கருவிலேயே பிறந்தவை, முதிராமல் காத்துக் கிடக்கின்றன. உணர்ச்சிகளுக்கான மனித அமிக்டலாவிலும் இப்படி ஒரு கூட்டம் உண்டு. டென்டேட் ஜைரஸில் அப்படி இல்லை என்று யார் உறுதி கொடுப்பது?

வழிப்போக்கன்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஏன் "டபுள்" கார்ட்டின்?

கிளியாக்காரி: அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கு. அது பழுதானா ஆண் குழந்தைக்கு மூளை மடிப்பில்லாம வழவழன்னு இருக்கும். பெண் குழந்தைக்கு ரெண்டு எக்ஸ் இருப்பதால பாதி செல் சரியா நகர்ந்து போயிடும், மீதி நடுவழியில நின்னுடும். ஸ்கேன்ல புறணிக்குக் கீழே இன்னொரு புறணி மாதிரிப் பட்டை தெரியும். அதான் பேர்.

ஈரத்தட்டு: சந்தேகி சார், நீங்க அடுத்து 2018 நேச்சர் கட்டுரையைத்தான் எடுப்பீங்க. பெரியவங்க மூளையில ஒண்ணுமே தெரியலன்னு சொன்னது. அதுக்கு என் சொந்த அனுபவத்தைச் சொல்றேன். ஒரு எலி மூளையைப் பார்மால்டிஹைடுல போட்டுட்டு மறந்தே போயிட்டேன், நாலஞ்சு நாள். வெட்டிப் பார்த்தா, டென்டேட் ஜைரஸோட கிரானுல் செல் அடுக்குக்கு உள்விளிம்புல பளிச்சுன்னு நிக்க வேண்டிய செல்லு ஒண்ணும் காணோம். அந்த உடம்பும், மேல மாலிக்யுலர் அடுக்குக்கு ஏறுற மெல்லிசுக் கிளையும் எதுவுமே இல்ல. கூட வெச்ச இன்னொரு மூளை, அதை ஒரு நாள் மட்டும் ஊறவெச்சு எடுத்துட்டேன், அதுல எல்லாம் இருக்கு. புரதத்தைத் தேடிப் பிடிச்சு சாயம் காட்டற ஆன்டிபாடியும் ஒண்ணுதான், ஒரே குப்பி. பார்மால்டிஹைடு புரதங்களை ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டுடும், ஆன்டிபாடி உள்ளே போய்ப் பிடிக்க இடம் இருக்காது. மாட்ரிட்காரங்க காட்டினதும் இதுதான்: ஒரே மனுஷ மூளைத் துண்டுகளை வேற வேற நேரம் ஊறவெச்சாங்க, நேரம் கூடக்கூட எண்ணிக்கை சரிஞ்சுது. சாயம் ஏறலன்னா செல்லு இல்லன்னு அர்த்தமில்ல.

கிளியாக்காரி: ஈரத்தட்டு, உங்க எலிக்கு என் அனுதாபம். ஆனா அந்த 2018 ஆய்வுல இறந்தவங்க மூளை மட்டும் இல்லையே. வலிப்புக்கு அறுவை செஞ்சு எடுத்த திசுவும் 22 பேருடையது இருந்துச்சு. அது புதுசா எடுத்தது, பிணவறையில காத்திருந்த கதை அங்க கிடையாது. அதுலயும் பெரியவங்ககிட்ட எதுவும் தெரியல. அதே ஆய்வுல குழந்தைகள் மூளையில சாயம் நல்லாவே ஏறியிருக்கு.

ஈரத்தட்டு: வலிப்பு வந்த ஹிப்போகேம்பஸ் ஆரோக்கியமான ஹிப்போகேம்பஸா? நாள்பட்ட வலிப்புல எலிக்கே புது நியூரான் குறைஞ்சு போகுது.

கிளியாக்காரி: ஒத்துக்கறேன், அது அடி.

அப்போ டபுள்கார்ட்டினை விட்டுட்டே பேசலாம். 1998-இல புற்றுநோய்க்காக பிஆர்டியூ ஏத்திக்கிட்ட அஞ்சு பேருடைய மூளையை, அவங்க இறந்த பிறகு பார்த்தாங்க. பிஆர்டியூவும் நியூஎன்னும் ஒரே செல்லுல இருந்துச்சு. 2013-இல அணுகுண்டுச் சோதனையால காத்துல ஏறின கார்பன் 14, செல் பிறந்த காலத்துக்கு ஏத்த அளவுல டிஎன்ஏவுல பதிஞ்சிருக்கும், அதை வெச்சு ஒரு பக்க ஹிப்போகேம்பஸ்ல நாளுக்கு சுமார் 700 நியூரான்னு கணக்குப் போட்டாங்க. எனக்கு இது ரெண்டும்தான் பிடிச்ச சாட்சி.

சந்தேகி: பிடித்த சாட்சிதான், ஆனால் இரண்டும் நியூஎன் தோளில் ஏறித்தான் நிற்கின்றன. கார்பன் ஆய்வில் நியூரான் உட்கருக்களைப் பிரித்து எடுத்ததே நியூஎன் ஆன்டிபாடியால்தான். பிரித்ததில் வேறு செல் கலந்தால் வயதுக் கணக்கு மாறும். பிஆர்டியூ, செல் பிரியும்போது மட்டுமல்ல, டிஎன்ஏவைப் பழுது பார்க்கும்போதும் கொஞ்சம் உள்ளே போகும். அந்தச் சோதனையை மனிதரில் திரும்பச் செய்யவும் வழியில்லை, அது நச்சு.

வழிப்போக்கன்: அப்படியானால் நினைவாற்றல் பெருக்கும் மாத்திரை விற்கிறார்களே, புது நியூரான் வளரும் என்று?

ஈரத்தட்டு: இந்த இழையில அதுக்கு இடமில்ல தம்பி. நாங்க செல்லு இருக்கா இல்லையான்னே அடிச்சுக்கிட்டிருக்கோம்.

சந்தேகி சார், 2025 சயன்ஸ் இதழ்ல வந்த ஸ்வீடன் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வுக்கு என்ன சொல்றீங்க? குழந்தையைத் தேடாம தாயைத் தேடினாங்க. பிரிஞ்சுக்கிட்டிருக்கற செல்லுல மட்டும் இருக்கற கேஐ-67 புரதத்தை வெச்சு உட்கருக்களைச் சேர்த்து, ஒவ்வொண்ணா ஆர்என்ஏ படிச்சாங்க. பெரியவங்க மூளையிலயும் நியூரானைப் பெறக்கூடிய தாய்ச்செல் கிடைச்சுது.

சந்தேகி: அதற்கு நான் தலை வணங்குகிறேன். ஒரு புரதத்தின் சாயத்தை மட்டும் நம்பாமல் செல்லின் முழு ஜாதகத்தையும் வாசித்தார்கள். ஆனால் அதிலும் எல்லாப் பெரியவர்களிடமும் கிடைக்கவில்லை, சிலரிடம்தான். 2022-இல் இதேபோல் ஒற்றை உட்கரு ஆர்என்ஏ பார்த்த இரண்டு குழுக்கள், ஒன்று இருக்கிறது என்றது, இன்னொன்று மனிதரில் அந்தத் தடமே இல்லை என்றது. முதிர்ந்த இன்டர்நியூரான்களிலும் (மற்ற நியூரான்களை அடக்கி வைக்கும் வகை) டபுள்கார்ட்டின் ஆர்என்ஏ இருப்பதை அந்த இரண்டாவது குழு காட்டியது. நான் ஆரம்பத்தில் சொன்னதும் அதுதானே.

கிளியாக்காரி: ஆர்என்ஏ இருந்தா புரதம் இருக்கணும்னு இல்ல. நீங்களும் இப்ப ஒரு "ஆகவே" போட்டுட்டீங்க.

சந்தேகி: போட்டுவிட்டேன்தான். சரி, வயதானவர் டென்டேட் ஜைரஸில் டபுள்கார்ட்டினும், அந்தப் பகுதி நியூரானுக்கு அடையாளமான பிராக்ஸ்-1 புரதமும் ஒரே செல்லில் இருக்கும் படம் இருந்தால் போடுங்கள், வயதாக ஆகச் செல்லில் சேரும் லிப்போஃபுசின் கழிவின் மினுக்கத்தைக் கழித்ததாக. முதிய மூளையில் அந்த மஞ்சள் துணுக்குகள் எல்லா நிறத்திலும் மின்னும், நான் ஏமாந்திருக்கிறேன்.

ஈரத்தட்டு: மாட்ரிட் கட்டுரையிலேயே இருக்கு. ராத்திரி தேடி எடுத்துப் போடறேன்.