பேர்கன் குளிரில் கட்டமரான் படகில் குடியிருக்க பற்றரி, ஹீட்டர்: பிளான் சரியா?

சுன்னாகம் சோலார்:
வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் வீடுகளுக்கு சோலார் பூட்டுகிற ஆள். நோர்வேயில் பேர்கனில் இருக்கிற அத்தான் 38 அடிப் பழைய பாய்க் கட்டமரான் (இரண்டு உடல் சேர்த்த படகு) ஒன்று வாங்கியிருக்கிறார், மாரியிலும் அதிலேயே குடியிருக்கப் போகிறாராம். உள்ளே இருப்பது நாலு ஈயப் பற்றரி, கறுத்துப்போன வயர், பற்றாத ஒரு டீசல் ஹீட்டர். பிளான் கீறித் தா என்று என்னைக் கேட்கிறார். 200 ஆம்பியர் மணி லித்தியம் ஒன்று, கூரையில் சோலார், இன்வேட்டர், டீசல் ஹீட்டரைக் கழற்றிவிட்டு 1500 வாட் கரண்ட் ஹீட்டர். ஊரில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அங்கே எது பிழையாகப் போகும்?

பேர்கன்வாசி:
எல்லாமே பிழையாகப் போகும் தம்பி. டிசம்பரில் இங்கே நடுப்பகலில்கூட வெயில் அடிவானத்துக்கு மேலே ஆறு பாகைதான் ஏறும், அதுவும் மலையும் மழையும் விட்டால். சோலார் போடுங்கள், ஆனால் மாரிக் கணக்கில் அதைப் பூச்சியமாகவே வையுங்கள். உங்கள் பற்றரி 12.8 வோல்ட் என்றால், முழுதாக நிரம்பினால் 2560 வாட் மணி. 1500 வாட் ஹீட்டரை இன்வேட்டரில் போட்டால் ஒன்றரை மணித்தியாலத்தில் படுத்துவிடும். கரையில் கட்டி கரண்ட் எடுக்கும்போது அந்த ஹீட்டர் சரி, நங்கூரத்தில் டீசல்தான். அதைக் கழற்ற வேண்டாம். பற்ற வைக்கும் ஒரு சில நிமிடம் பத்து ஆம்பியர் அளவில் இழுக்கும், பிறகு இரண்டு மூன்றுதான். பழைய ஹீட்டர் பற்றாமல் நிற்பது பலவேளை வயரால்தான்: மெல்லிய, உக்கிய வயரில் அந்தப் பத்து ஆம்பியர் போகும்போது வோல்ட் இறங்கும், ஹீட்டர் தானே அணைந்துவிடும். பற்ற வைக்கும் நேரத்தில் ஹீட்டரின் முனையிலேயே மீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், இங்கே பல இடங்களில் நியூட்ரல் என்று ஒன்றே கிடையாது. இரண்டு வயரும் லைவ், இரண்டுக்கும் இடையில் 230 வோல்ட். ஊர்ப் பழக்கத்தில் ஒற்றைப் பிரேக்கர் போட்டு அணைத்தால் மற்ற வயரில் கரண்ட் அப்படியே நிற்கும். இரண்டையும் சேர்த்து வெட்டுகிற பிரேக்கரும் ட்ரிப் சுவிட்சும் கட்டாயம்.

மயிலிட்டி மெக்கானிக்:
என்ஜின் பக்கத்தை ஒருவரும் கதைக்கவில்லை. ஆல்டனேட்டரில் (என்ஜினோடு சுற்றிக் கரண்ட் தருகிறது) இருந்து லித்தியத்துக்கு நேரே வயர் கொடுக்காதேங்கோ. லித்தியம் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கும், ஆல்டனேட்டர் சூடேறி எரியும். பற்றரிக்குள் இருக்கிற பிஎம்எஸ், அதாவது பற்றரியைக் காக்கிற கட்டுப்பாட்டுச் சுற்று, திடீரென்று வெட்டினால் வோல்ட் எகிறி ஆல்டனேட்டரின் டயோடும் போகும். ஸ்டார்ட் பற்றரி ஈயமாகவே இருக்கட்டும், அதில் இருந்து, கரண்டை அளவோடு கொடுக்கிற டிசி-டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்கு. பெரிய பியூஸ் பற்றரி முனைக்குப் பக்கத்திலேயே. வீட்டு வயர் பாவிக்கவே வேண்டாம். எங்கள் வள்ளங்களில் ஒரு வருசம் போன வயரைச் சீவிப் பாருங்கோ, ரப்பருக்குள்ளே பச்சைத் தூள்தான் இருக்கும். வெள்ளீயம் பூசிய வயர் விலைதான், ஆனால் வேறு வழியில்லை.

சுன்னாகம் சோலார்:
நன்றி அண்ணை, நியூட்ரல் விசயம் எனக்குப் புதிது. லித்தியம் குளிர் தாங்குமா? ஹீட்டர் ஒரு பக்க உடலில்தான் இருக்கிறது, மற்றப் பக்கம் என்ன செய்வது?

பேர்கன்வாசி:
பூச்சியத்துக்குக் கீழே கரண்ட் எடுக்கலாம், ஏற்றக்கூடாது. ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பற்றரி பழுதாகும். குளிரில் தானே சார்ஜை நிறுத்துகிற பிஎம்எஸ் உள்ளதாக வாங்கி, ஆள் படுக்கும் பக்கம் கட்டிலுக்குக் கீழே வையுங்கள். மற்ற உடலுக்குக் குழாய் நடுத்தளத்துக்கு அடியால் போனால் காற்று ஆறிவிடும், நன்றாகப் போர்த்த வேண்டும். காசு இருந்தால் அந்தப் பக்கத்துக்குச் சின்ன ஹீட்டர் இன்னொன்று, அதுதான் நல்லது. படுக்கிற ஒவ்வொரு அறையிலும் கார்பன் மொனொக்சைட் அலாரம். மெத்தைக்கு அடியில் சட்டம் போட்டுக் காற்றுப் போக இடம் விடச் சொல்லுங்கள், மூச்சு ஈரமே போதும், பூஞ்சணம் பிடிக்க.